ஒன்பது வருடப் பராதி

"எப்பப் பார்த்தாலும் பராதிதான் சார், ஒரே புகார். இவா மனசை நீங்கதான் மாத்தணும்" என்றார், கொச்சி ஜூ டவுன் பழம்பொருள் கடை முதலாளி பிச்சுமணி.

தன்னம்பிக்கைப் பயிற்சியாளர் ஹரிஷங்கர், வரிசையாக நின்ற ஆறு விற்பனைப் பெண்களையும் பார்த்துக் கத்தினார்.

"புலம்பாதீங்க! உங்க மேல இரக்கப்பட்டு ஒருத்தரும் வரப்போறதில்லை. ஒண்ணு வேணும்னா கெஞ்சாதீங்க. நீங்களே எடுத்துக்கோங்க!"

"மொதலாளி ஏசுவாரே?" என்றாள் மூக்கம்மாள்.

"அந்தப் பயம்தான் உங்களைக் கட்டிப் போட்டிருக்கு. இந்த நிமிஷமே அதை உடைங்க!"

"கேட்டேளா?" என்று பிச்சுமணி கை தட்டினார்.

"கேட்டோம் மொதலாளி."

மூக்கம்மாள் விறுவிறுவென்று நடந்தாள். ஒன்பது வருடமாகத் தினமும் துடைத்துவரும் ஈட்டிமர நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ஏய், எழுந்திரு! அது விக்கற சாமான்! வேலை நேரத்துல யாரும் உட்காரப்படாதுன்னு..."

"இத்தனை நாளா அதைத்தான மொதலாளி பராதி சொன்னோம்?"

மற்ற ஐந்து பேரும் ஆளுக்கொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

மூக்கம்மாள் ஹரிஷங்கரைப் பார்த்தாள். "நீங்களும் உக்காருங்க சார். வந்ததுலருந்து நிக்கீங்க. கால் கடுக்கும், எங்களுக்குத் தெரியும்."