இருபத்திரண்டு டிகிரிக்குக் கீழே

ஒன்பதாவதும் போய்விட்டது. வெலிச்கா குனிந்து அதை எடுத்து அவசரமாகக் கவுன் பைக்குள் போட்டுக்கொண்டாள். வீட்டில் அவளைத் தவிர ஒரு ஜீவன் கிடையாது. ஆனாலும் திருடியைப்போல வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

விழுந்தது ஒரு பூமொட்டு. மருமகள் ரலிட்சாவின் கமேலியாச் செடி வந்தபோது அதில் பதினான்கு மொட்டுகள் இருந்தன. டிசம்பர் பாதிகூட ஆகவில்லை, ஐந்துதான் மிச்சம்.

அக்டோபர் கடைசியில் மகனும் மருமகளும் வேலைக்காக வியன்னாவுக்குக் கிளம்பியபோது, வெலிச்கா இருக்கும் லோம் ஊருக்கு வந்து செடியை இறக்கிவிட்டுப் போனார்கள். "எங்கம்மா வெச்ச செடி அத்தை. அவங்க போனப்புறம் எனக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான்," என்றாள் ரலிட்சா. அப்புறம் விரல் மடக்கிச் சட்டம் போட ஆரம்பித்தாள்.

செடி வெலிச்காவின் படுக்கையறையில்தான் இருக்க வேண்டும். அறையின் சூடு இருபத்திரண்டு டிகிரிக்குக் கீழே போகவே கூடாது. காற்று காய்ந்துபோகாமல் இருக்க, அடுப்பின்மேல் எப்போதும் கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வேண்டும். தினமும் காலையில் வெப்பமானியைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

"செடியா இல்ல மகாராணியா?" என்று வெலிச்கா முணுமுணுத்தாளே தவிர, மறுபேச்சுப் பேசவில்லை. சோஃபியா நகரத்தில் எட்டு வருடம் நாற்றுப் பண்ணையில் வேலை பார்த்தவள் சொல்கிறாள், அதற்குமேல் என்ன பேச?

தனக்கென்று அவள் ஒருநாளும் படுக்கையறை அடுப்பை மூட்டியதில்லை. மகன் வாங்கி அடுக்கிய விறகு கொட்டகை நிறையக் கிடக்கும், இவள் கோட்டின்மேல் கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கேட்டால், "ஒண்டிக்கட்டைக்கு எதுக்கு அடுப்பு?" என்பாள். போன பிப்ரவரியில் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்ததைக்கூட, "லேசா சளி பிடிச்சுது," என்றுதான் ஊரில் சொல்லிக்கொண்டாள்.

செடிக்காக மூட்டினாள். விடியற்காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. கெட்டில் சும்மா கொதிக்கிறதே என்று அதில் லிண்டன் பூவைப் போட்டு வேளாவேளைக்கு டீயும் குடித்தாள்.

அப்படியும் மொட்டு உதிர்ந்தது. ஊரை ஒட்டிய ஆற்றிலிருந்து வரும் பனிக்காற்றுதான் காரணம் என்று இன்னும் இரண்டு கட்டை சேர்த்துப் போட்டாள். மறுநாள் சேர்ந்தாற்போல் இரண்டு மொட்டு விழுந்தது.

"படம் வந்துச்சு அத்தை, இருபத்திமூணு காட்டுது. ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா?" என்று ரலிட்சா தினமும் போனில் கேட்டாள்.

"ம்ம். செடி நல்லா இருக்கு," என்று வெலிச்கா தினமும் பொய் சொன்னாள். நல்லவேளை, செடியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி அவள் ஒருநாளும் கேட்கவில்லை.

எத்தனை நாளைக்கு மறைப்பது? செத்துப்போன சம்பந்தியம்மாவின் ஒரே அடையாளம் இவள் கையில் சாகிறது. மாமியாருக்கும் மருமகளுக்கும் ஏற்கெனவே அவ்வளவாக ஆகாது. "என்மேல இருக்கிற கோபத்தைச் செடிமேல காட்டிட்டீங்களா?" என்று அவள் கேட்டுவிட்டால்?

பொறுக்க முடியாமல் மூன்றாம் வீட்டு மெத்தோதியைக் கூப்பிட்டாள். நகராட்சித் தோட்டத்தில் முப்பது வருடம் செடி வளர்த்தவர். அறைக்குள் நுழைந்ததுமே தொப்பியைக் கழற்றினார், கோட்டைக் கழற்றினார், கடைசியில் ஸ்வெட்டரையும் கழற்றினார்.

"என்ன தங்கச்சி, ரொட்டி சுடுற அடுப்புக்குள்ளயா குடியிருக்க?"

"எனக்கில்ல அண்ணே, செடிக்கு. எப்படியாவது காப்பாத்திக் குடுங்க. இது போச்சுன்னா மருமக முகத்துல நான் முழிக்க முடியாது."

மெத்தோதி ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தார். மொட்டைத் தொட்டார், அது கையோடு வந்துவிட்டது. அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எந்தப் புத்திசாலி இதைச் சூட்டுல வைக்கச் சொன்னது? கமேலியாவுக்குக் குளிர்காலத்துல எட்டு, பத்து டிகிரி போதும். இப்படி வேகவெச்சா மொட்டைக் கொட்டாம என்ன செய்யும்? இன்னும் ஒரு மாசம் போனா செடியே போயிடும்! உன் முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாய் எங்க இருக்கு?"

"பின்பக்க வராந்தாவுல. அங்க பல்லு கிட்டிப்போற குளிராச்சே அண்ணே."

"பீப்பாய்க்குப் பக்கத்துலயே கொண்டுபோய் வை. இதுக்கு அதுதான் சொர்க்கம்."

இரண்டு பேருமாகத் தொட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் வைத்தார்கள். மெத்தோதி கிளம்பியதும் வெலிச்கா படுக்கையறைக்கு வந்தாள். அடுப்பில் தணல் அடங்கிக்கொண்டிருந்தது. இனி யாருக்காக என்று, கையில் எடுத்த கட்டையைத் திரும்பக் கூடையிலேயே போட்டாள். கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

அப்புறம்தான் ஆத்திரம் வந்தது. இத்தனை நாள் அழுத அழுகையெல்லாம் ஒன்றுசேர்ந்து வந்தது. போனை எடுத்தாள்.

"ஏண்டி ரலிட்சா, பண்ணையில எட்டு வருஷம் என்னத்தைக் கிழிச்சே? உங்கம்மா செடியை நீயே கொல்லப் பாத்தியே! மொட்டு பத்து விழுந்துபோச்சு. நான்தான் சாகடிச்சேன்னு தினம் அழுதுகிட்டுக் கிடக்கேன். அதுக்குக் குளிரு வேணுமாம், குளிரு!"

வெலிச்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இருக்கியா, வெச்சுட்டியா?"

"இருக்கேன் அத்தை. எங்கம்மா செடியா இல்லாம, சந்தையில வாங்கின ஏதோ ஒண்ணுன்னா, அதுக்காக அடுப்பு மூட்டியிருப்பீங்களா?"

"பேச்சை மாத்தாத. இந்தச் செடிக்குக் குளிரு ஒத்துக்கும்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் அத்தை," என்றாள் ரலிட்சா. "உங்களுக்குத்தான் ஒத்துக்காது."