நாலாவது கதவு

"ஹாலோவீன் பேய் ராத்திரிக்கு இந்த ஒரு வீடியோ கேம் விளையாடுங்க, போதும். பெரிய கம்பெனி செஞ்சது இல்ல. ஒரு பொண்ணு தனியாளா வீட்டுல உக்காந்து செஞ்சது. ஆனா பயத்துல ஈரக்குலையே நடுங்கிடும்!" என்றாள் அவள்.

"ஆங்" என்றார் லாரி டிரைவர். ஆள் ஆறடி. இப்படிப்பட்ட ஆட்களுக்கு அவள் சிபாரிசு செய்வது இந்த கேமைத்தான். இதுவரை அது அவளைக் கைவிட்டதில்லை.

"காலியான ஹாஸ்டல். நீங்க மட்டும்தான். மூணு கதவைத் திறந்தாச்சு, ஒண்ணுமில்ல."

"ஆங்."

"நாலாவது கதவோட பிடியைத் தொடறீங்க. சூடா இருக்கு. அந்தப் பக்கம் யாரோ பிடிச்சிட்டிருக்காங்க!"

டிரைவர் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"மெதுவா திருகறீங்க..."

'டக்' என்று தட்டில் ஏதோ விழுந்தது.

"அவ்வளவுதான், வாயை மூடிக்கலாம்" என்று இடுக்கியைக் கீழே வைத்தாள் பல் டாக்டர். "கடைவாய்ப் பல் வந்தாச்சு. இதுக்கா மூணு தடவை எழுந்து ஓடினீங்க?"

டிரைவர் பஞ்சைக் கடித்துக்கொண்டே பதறினார்.

"பல்லு கிடக்கட்டும் டாக்டர்! கதவுக்கு அந்தப் பக்கம் யாரு?"