பொய் சொல்லத் தெரியாத திருடன்

கோட்டை வாசலில் காவலன் ஈட்டியை நீட்டினான். மேசை நடுவில் இருந்த டேப்லெட் அவன் குரலில் கேட்டது: "யார் நீங்கள்?"

பீளமேட்டு ஃபிளாட்டில் ஆட்டத்துக்கு உட்கார்ந்திருந்த மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். இங்கே மாட்டினால் ஒரு வருட ஆட்டமும் போச்சு. இந்த ஆப்பில் பகடையே கிடையாது. ஆடுபவர் நிஜத்தில் எதைச் செய்கிறாரோ அதை ஃபோன் கவனித்து, அவருடைய கதாபாத்திரத்துக்கு அந்தத் திறமையை ஏற்றும். செபாஸ்டின் ஆபீஸுக்குத் தினமும் படியேறிப் போனதால்தான் அவனுடைய வீரனுக்கு மதில் ஏறத் தெரிந்தது. மதுவந்தி ஆஸ்பத்திரியில் மாமனாரைப் பார்த்துக்கொண்டதால் அவளுடைய மருத்துவச்சிக்குக் காயம் ஆற்றத் தெரிந்தது. அவள் கணவன் நவநீதனின் திருடனுக்கோ பொய்யே வராது. வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்வான். ஆனால் ஆட்டத்தில் வீரனும் மருத்துவச்சியும் மயங்கிக் கிடந்ததால் இன்று அவன்தான் பேச வேண்டியிருந்தது.

"நாங்க அரண்மனைச் சமையல்காரங்க," என்றான் நவநீதன்.

"பொய் சொல்லும் திறமை, நிலை பதினெட்டு. காவலன் நம்பிவிட்டான். கதவு திறக்கிறது," என்றது டேப்லெட்.

"தப்பிச்சோம்டா!" செபாஸ்டின் மேசையைத் தட்டிக் கத்தினான்.

மதுவந்தி கத்தவில்லை. கணவனையே பார்த்தாள்.

"போன மாசம் ரெண்டுதானுங்களே இருந்துச்சு? இவ்வளவு தூரம் யார்கிட்டப் பொய் சொல்லிப் பழகுனீங்க?"

செபாஸ்டின் மேசையிலிருந்து மெல்லக் கையை எடுத்துக்கொண்டான்.

நவநீதன் சிரித்தான். "ஆப்புல ஏதோ கோளாறு, மது. உன்கிட்ட மறைக்க எனக்கு என்ன இருக்கு?"

டேப்லெட்டில் மணி ஒலித்தது.

"வாழ்த்துகள், நவநீதன். நிலை பத்தொன்பது."