காய்ந்த துணிகள்

பெருங்களத்தூர் குடியிருப்பின் மூன்றாவது மாடியில், ஞானமுத்து வாத்தியார் தன் மகன் காலேபின் கம்ப்யூட்டருக்குப் புது கிராபிக்ஸ் கார்டு போட்டார். காலேப் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. "இது ஒண்ணு போட்டா கேம்ல ஃப்ளைட் ஸ்டக் ஆகாம போகும்ப்பா" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தான்.

இப்போது, நிஜ ஊர்களை அப்படியே காட்டும் அந்த கேமின் திரையில் விமானம் வழுக்கிக்கொண்டு போனது. திருநீர்மலையைச் சுற்றியபோது கோயில் படிகள்கூடத் தெரிந்தன. தன் வீட்டு மொட்டைமாடிக்கு மேல் தாழப் பறந்து, மகன் சொல்லித்தந்தபடி இறக்கையை இருமுறை ஆட்டினார்.

சற்று நேரத்தில், துணி காயப்போட்டுவிட்டு மனைவி ஜெயசீலி இறங்கி வந்தாள்.

"ஒரு சின்ன ஃப்ளைட் ரொம்பத் தாழ்வா போச்சுங்க. ரெண்டு தடவ ரெக்கைய ஆட்டுச்சு."

"யாரு ஓட்டுனது?"

"நீங்கதான். பக்கத்து சீட்ல காலேப் உக்காந்திருந்தான்."

பால்காரர் வந்துபோனதைச் சொல்வதுபோல்தான் சொன்னாள். திரையில் பக்கத்து இருக்கையைப் பார்க்க எதை அழுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை அவர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். ஜெயசீலி பீரோவில் மடித்து வைத்திருந்த துணிகளை எடுத்து, வாளித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்துகொண்டு மாடிக்குப் போனாள்.