கடைசி பெஞ்சின் கைகள்

ஜூலை 14, செவ்வாய், காலை 10.20. ஒன்பதாம் வகுப்பில் வாயுக்கள் பரவும் பாடம் நடந்தது. ஜன்னல்கள் சாத்தியிருந்தன, மின்விசிறி ஓடவில்லை.

அறிவியல் ஆசிரியை மேசைமேல் ஒரு குப்பியைத் திறந்து வைத்தார். “கண்ணை மூடிக்குங்க. வாசனை வந்தா கையை மட்டும் தூக்குங்க.”

சற்று நேரத்தில் கடைசி பெஞ்சில் நான்கு கைகள் எழுந்தன.

“ஏன்டா, உங்க மூக்கு மட்டும் பஸ் பிடிச்சு முன்னாடி வந்துடுச்சா?”

வகுப்பு சிரித்தது. ஆனால் கடைசிக்கு முந்தைய பெஞ்சிலும் கைகள் எழுந்தன. பிறகு அதற்கும் முன்னால். ஒருவரும் கண் திறக்கவில்லை. கைகள் வரிசை வரிசையாக ஆசிரியையை நோக்கி வந்துகொண்டிருந்தன.

“என்ன வாசனைடா?”

“அடுப்பு அணைஞ்சா வருமே, அந்த நாத்தம், மிஸ். தலை சுத்துது.”

ஆசிரியைக்குச் சிரிப்பு நின்றது. வாசனை வராமலே கை தூக்குபவர்களைப் பிடிக்க, அவர் குப்பியில் ஊற்றி வந்தது வெறும் தண்ணீர்.

“யாரும் ஃபேனைப் போடாதீங்க. பையை விட்டுட்டு முன்கதவு வழியா வெளிய போங்க.”

நாற்பத்தொரு பேரும் மைதானத்துக்கு வந்து சேர்ந்தார்கள். வகுப்பின் பின்கதவை ஒட்டிய ஆய்வகத்தில் கேஸ் குழாய் திறந்து கிடந்தது. 10.40க்கு அதை மூடினார்கள்.