சேவூர் நிறுத்தத்தில் ஒரு மொபெட்

காலை வெயில் வயல் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்கிறது. நர்ஸ் பாக்கியமேரி புது மொபெட்டை ஸ்டாண்டில் நிறுத்தி மிதிக்கிறாள். இன்ஜின் இருமிவிட்டு அடங்குகிறது. ஆரணி ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை முடித்த நர்ஸ் கண்ணகி, இவள் போய் மாற்றிவிட்டால்தான் வீட்டுக்குப் போக முடியும். கைக்குழந்தைக்காரி. இந்த நிறுத்தத்தில் பஸ் நிற்காமல் போன நாளெல்லாம் அவள் அங்கே மார்பில் பால் கட்டிக்கொண்டு இவளுக்காகக் காத்திருந்தாள். அதற்காகத்தான் பாக்கியமேரி வண்டியே வாங்கினாள். இன்றைக்குப் பார்த்து டவுன் பஸ் ஒரு பக்கம் சாய்ந்தபடி வந்து நிற்கிறது. கண்டக்டர் படியிலிருந்து குனிகிறார். "என்னா சிஸ்டர், வண்டி பேஜார் பண்ணுதா? ஜல்தியா ஏறுங்க!" ஜன்னல்களெல்லாம் சிரிக்கும் முகங்கள். இன்று ஏறிவிட்டால் நாளையும் பஸ்ஸுக்குக் கை நீட்டி நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிகிறது. "நீங்க போங்கண்ணா, நான் வந்துகினே இருக்கேன்." பஸ் உறுமிக்கொண்டு நகர்கிறது. அவள் வெள்ளைப் புடவையை இடுப்பில் செருகி, வண்டியை ஸ்டாண்டிலிருந்து தள்ளி, சைக்கிளைப் போல மிதித்துப் புறப்படுகிறாள். முழங்கால் வலிக்கிறது, மூச்சு இரைக்கிறது. மிதிப்பதை மட்டும் விடவில்லை. சட்டென்று இன்ஜின் பிடித்துக்கொண்டு உடம்பெல்லாம் அதிர்கிறது. பஸ் கிளப்பிய புழுதி இன்னும் அடங்கவில்லை. பாக்கியமேரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதற்குள்ளேயே வண்டியை விடுகிறாள்.