ஒரு ஜூஸ் பாக்கெட் குறையுது

"டோபின், உன் அலாரத்தை நிறுத்தித் தொலைடா!"

அன்னிகா பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள். வாஷிங்டன் வரை வந்து, ஒன்றரை மணி நேரம் தவம் கிடந்து, செனட்டரிடம் கிடைத்ததே ஐந்து நிமிடம். டைப் ஒன் சர்க்கரை நோய் ஆராய்ச்சிக்கு நிதி கேட்கும் மனுவில் அவர் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

இருவருக்கும் பதினாறு வயது. இருவருக்குமே சின்ன வயதிலிருந்து இன்சுலின் ஊசி. சர்க்கரை இறங்கினால் போனில் அலறும் கருவி இருவர் கையிலும் ஒட்டியிருந்தது.

அன்னிகா தன் போனைப் பார்த்தாள். நூற்றிருபது. அவளுடையது இல்லை.

டோபின் தன் போனைப் பார்த்தான். நிமிர்ந்தான்.

"மன்னிச்சுக்குங்க சார், என்னோடதுதான்."

அவசரமாகப் பையைத் திறந்தான். மூன்று ஜூஸ் பாக்கெட்டும் மேஜைக்கடியில் சிதறின.

"போனை எல்லாம் வெளியிலேயே அணைக்கச் சொன்னேன்ல?" என்றார் உதவியாளர் ப்ரெஸ்காட். வந்ததிலிருந்தே சிடுசிடுத்த மனுஷன். அவரே குனிந்து பொறுக்கிக் கொடுத்தார். கோபத்தில் கை நடுங்கியது.

செனட்டர் கடிகாரத்தைப் பார்த்து எழுந்தார். "மனுவை ப்ரெஸ்காட்கிட்ட கொடுத்துட்டுப் போம்மா. பார்க்கலாம்."

பார்க்கலாமாம்!

வராந்தாவுக்கு வந்ததும் அன்னிகா வெடித்தாள்.

"மூணு மாசம்டா! கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பேசிப் பழகினேன். பாதிகூடப் பேச விடலையே நீ! காலையில ரெண்டு தட்டு பான்கேக் முழுங்கத் தெரியுது, சர்க்கரை இறங்காமப் பார்த்துக்கத் தெரியாதா?"

டோபின் கையிலிருந்த ஜூஸ் பாக்கெட்டுகளைப் பைக்குள் திணித்தான்.

"அலாரம் அடிச்சுதே, ஜூஸையாவது குடிச்சியா? மூணு கொண்டுவந்தே, ரெண்டுதான் இருக்கு. அதையும் தொலைச்சாச்சு!"

அவன் தன் போனை நீட்டினான். நூற்றுப் பத்து.

"அப்போ கத்தினது யாரோடது?"

"மெதுவாப் பேசு. அந்த ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது போலிருக்கு."

"எது?"

டோபின் பாதி திறந்திருந்த கதவைக் கண்ணால் காட்டினான்.

உள்ளே ப்ரெஸ்காட் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றிருந்தார். ஒரு கை, காகிதக் கட்டுக்கு அடியில் கிடந்த அவர்கள் மனுவை உருவி மேலே வைத்தது.

இன்னொரு கையில் அந்த மூன்றாவது ஜூஸ் பாக்கெட். உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்தார்.